முடங்கிய கைகள்

கொல்லிமலையில் 1914-ஆம் ஆண்டு பிறந்த டாக்டர் பால் பிராண்டு, வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் எலும்பு அறுவை மருத்துவராகப் பணியாற்றினார். 1947-ஆம் ஆண்டு, தோல்நோய் வல்லுநராகிய டாக்டர் காக்ரேனைக் காணச் செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கிருந்தோர் பலருடைய விரல்கள் பருந்தின் நகம்போல் வளைந்து கிடந்தன. இவை ஏன் இவ்வாறாயின என்று பிராண்டு வினவினார். தோல் மருத்துவத்தால் அதற்கு விடை கூற இயலவில்லை. எலும்பு மருத்துவர்களோ அந்நோயாளரை ஆராய முன்வந்ததே அரிது. இருதுறைக்கும் இடையே ஏழைகளின் கைகள் வீணாயின.

நோயாளர் ஒருவரிடம் தம் கையைப் பற்றி அழுத்துமாறு பிராண்டு கூறினார். அவர் அழுத்திய அழுத்தத்தில் மருத்துவரின் கை நொந்தது! முடங்கிய கையில் வலிய தசைகளும் இருந்தன என்பது அப்போது புலனாயிற்று. அத்தசைகளின் நாண்களை மாற்றிப் பொருத்தினால் விரல்கள் நிமிரும் அன்றோ?

ஆயினும் கத்தி மட்டும் போதவில்லை. நரம்புகள் எங்கெங்குக் கெடுகின்றன என்பதை நோய்க்குறி ஆய்வாளர் கண்டுரைத்தனர். இடம் மாறிய தசைக்குப் புதிய தொழிலைப் பழக்க இயன்முறைப் பயிற்சியாளர் வேண்டியிருந்தனர். உணர்ச்சியற்ற பாதங்களில் புண் வாராமற்காக்க நுண்துளை இரப்பரால் செருப்புகள் செய்யப்பட்டன. அதன்பொருட்டு மருத்துவர் செருப்புத் தைப்போரிடம் பாடம் கேட்டார். அது சிறுமையன்று.

அறுவை முடிந்து தங்கியிருந்தோர் சிலருக்கு விரல்நுனிகள் இரவில் குறைந்துவந்தன. நோயே தின்கிறது என ஐயுற்றனர். விழித்திருந்து நோக்கியபோது, எலிகள் கடிப்பது தெரிந்தது. வலியறியாதவர் உறக்கம் கலைந்திலர். அதன்பின் அவர்களுடைய குடில்களில் பூனைகள் வளர்க்கப்பட்டன.