யார் யாரைத் தடுப்பது?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

கூடைப்பந்தில் ஐவரை ஐவர் ஆளுக்கொருவராகத் தடுக்கும் வழிகள் 5×4×3×2×1 = 120. இவற்றுள் பயிற்சியாளர் எதைத் தேர்வார் என்று முன்கூட்டியே கணிக்க இயலுமா?

1991-ஆம் ஆண்டு அமெரிக்காவின் என்.பி.ஏ. இறுதித் தொடரை நோக்குவோம். லேக்கர்ஸ் அணியின் ஆட்டத்தை நடத்தியவர் 6 அடி 9 அங்குல உயரமுள்ள மேஜிக் ஜான்சன். அவரைத் தடுக்கும் பொறுப்பு சிகாகோ புல்ஸ் அணியின் மைக்கேல் ஜோர்டானுக்கு. உயரம் 6 அடி 6 அங்குலம். முதல் ஆட்டத்தில் லேக்கர்ஸ் 93–91 என வென்றது. இரண்டாம் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே ஜோர்டான் மீது ஃபவுல்கள் விழவே, உயரமும் நீண்ட கைகளும் உடைய ஸ்காட்டி பிப்பன் அப்பொறுப்பை ஏற்றார். ஜான்சன் கூடையை நோக்கி எறிந்த 13-இல் 4 மட்டுமே விழுந்தன. ஜோர்டானோ 18-இல் 15 போட்டார். சிகாகோ 107–86 என வென்று, தொடரையும் 4–1 எனக் கைப்பற்றியது.

உயரத்தை உயரத்தோடு பொருத்துவது மட்டும் கணிப்பாகாது என்பதே இதில் நான் கற்ற பாடம். மூன்று வினாக்கள் வேண்டும். யாரைத் தடுத்தால் எதிரணியின் ஆட்டமே தடைபடும்? தடுப்பவர் ஃபவுலால் வெளியேறாமல் நிற்பாரா? புள்ளி எடுக்க அவருக்குத் தெம்பு மிஞ்சுமா? இவற்றைக் கேட்டால் 120 வழிகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கும்.

என்.பி.ஏ.-யில் ஆறாவது ஃபவுலில்தான் வெளியேற்றம். நம் ஆட்டத்திலோ ஐந்தாவதிலேயே. எனவே நம் கல்லூரி அணிக்கு இரண்டாம் வினா இன்னும் முக்கியமானது, நண்பர்களே!