இறப்பர்ப் பட்டியில் ஊரும் புல்வெட்டும் யந்திரம்: வாங்குமுன் பரீட்சிக்கும் முறை

குளக்கட்டு, வாய்க்காற் கரை, வயலின் பெருவரம்பு, தரிசாய்க் கிடக்கும் மேட்டுக்காணி ஆகியவற்றில் வளரும் புல்லையும் பற்றையையும் கத்தியாலும் மண்வெட்டியாலும் வெட்டுவித்த காலத்திலே கூலியாள் கிடைத்தலில் வருத்தமிருக்கவில்லை. இன்று நிலைமை அவ்வாறன்று. களைநாசினியை நம்பியிருந்தோரும் 2015ஆம் ஆண்டில் கிளைபோசேற்று தடைசெய்யப்பட்டபோதும், 2021ஆம் ஆண்டில் விவசாய இரசாயனங்களின் இறக்குமதி நிறுத்தப்பட்டபோதும், அம்முறையொன்றை மாத்திரம் நம்பியிருத்தல் எத்துணை அபாயமானது என்பதை அறிந்துகொண்டனர். ஆகவே, கரடுமுரடான நிலத்திற் புல்வெட்டும் பாரமான யந்திரங்களைப் பற்றிக் கமக்காரர் அமைப்புக்கள் விசாரித்தல் இயல்பே. இப்பிரசுரம், அவ்வகை யந்திரங்களுள் இறப்பர்ப் பட்டியில் ஊர்ந்து, நின்ற இடத்திலேயே திரும்பவல்ல யந்திரத்தை எவ்வாறு பரீட்சித்தல் வேண்டும் என்பதை எடுத்துக் கூறுகின்றது.

இவ்யந்திரத்தின் அமைப்பை முதலில் அறிதல் நன்று. சாதாரண வண்டியிற் போலச் சில்லைத் திருப்பும் வளையம் இதில் இல்லை. வலப்பட்டியும் இடப்பட்டியும் வெவ்வேறாக இயக்கப்படுகின்றன. இரண்டும் ஒரே வேகத்திற் சுழலின் யந்திரம் நேரே செல்லும். ஒன்று மெதுவாகச் சுழலின் அப்பக்கமாக வளையும். ஒன்று முன்னோக்கியும் மற்றது பின்னோக்கியும் சுழலின் நின்ற நிலையிலேயே முழுவதும் திரும்பும். நெல் அறுவடை யந்திரம் வயலின் மூலையிலே திரும்புவதைப் பார்த்தோர்க்கு இது புதிதன்று. சில்லுகளிற் செல்லும் இவ்வகைப் புல்வெட்டிகளிற் பெரும்பாலானவற்றின் முன்சில்லுகள் தாமாகவே உருண்டு திரும்புவனவாதலின், சரிவிலே அவை திசையைக் காத்து நிற்பதில்லை. பட்டியுள்ள யந்திரத்தில் அக்குறை இல்லை. எனினும், ஈரச் சரிவிலே பட்டி ஒருமுறை வழுக்கத் தொடங்கிவிடின், அதனைத் திருப்பும் வல்லமையும் ஒருங்கே போய்விடும் என்பதை மறத்தலாகாது.

பட்டியின் பெரும்பயன் பாரத்தைப் பரப்புதலாகும். இதனைக் கமக்காரர் தாமே கணக்கிட்டறியலாம். யந்திரத்தின் நிறை 450 கிலோகிராம் எனவும், ஒவ்வொரு பட்டியும் 18 சென்ரிமீற்றர் அகலமும் நிலத்திற் படும் பகுதியில் 100 சென்ரிமீற்றர் நீளமும் உடையது எனவும் கொள்வோம். இரு பட்டிகளும் நிலத்திற் படும் பரப்பு 3,600 சதுர சென்ரிமீற்றர். ஆகவே, சதுர சென்ரிமீற்றர் ஒன்றின்மேல் ஒரு கிலோகிராமின் எட்டிலொரு பங்கே அழுத்தும். 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் நடக்கும்போது ஒற்றைப் பாதத்தால் அழுத்துவது இதனின் மும்மடங்காகும். நனைந்த வயலோரத்தில் மனிதனின் கால் புதையுமிடத்தில் யந்திரம் புதையாது செல்வதன் காரணம் இதுவே. ஆயின், இக்கணக்கு சமதரைக்கே பொருந்தும். வரம்பின் உச்சியில் ஏறிக் கவியும் கணத்தில் முழுப்பாரமும் ஒரு சாண் இடத்தில் வந்து தங்கும். மெல்லிய வரம்பு அப்போது உடையும். விற்பனையாளரின் அட்டையில் இது எழுதப்பட்டிருக்காது.

பரீட்சை எங்கு நடைபெறல் வேண்டும்? விற்பனை நிலையத்தின் முற்றத்திலுள்ள மெல்லிய புல்லைக் காட்டி யந்திரத்தைப் புகழ்வது வழக்கம். அப்புல்லை ஆடு இரண்டு கட்டினாற் போதும், யந்திரம் எதற்கு? தம் பகுதியில் மிகக் கெட்ட நிலம் எதுவோ அதையே தேர்ந்தெடுத்தல் வேண்டும். ஆளுயரக் கினிப்புல்லும், நாயுண்ணிப் பற்றையும், பழைய உழவுச் சாலும், சிறு கற்களும் அங்கிருத்தல் நலம். இயலுமாயின், காலபோக மழை பெய்து ஓய்ந்த மறுநாள் ஒருமுறையும், சிறுபோக வரட்சியில் ஒருமுறையும் பரீட்சித்தல் சிறந்தது. மழைக்குப்பின் களிமண் பட்டியின் உட்புறப் பற்சில்லில் அப்பி இறுகுகின்றதா, அதனைக் கழுவி நீக்க எவ்வளவு நேரமாகின்றது என்பன கோடையிற் பரீட்சித்தோர்க்குத் தெரியவரா.

50 மீற்றர் நீளமும் 20 மீற்றர் அகலமுமான துண்டொன்றை முளையடித்துக் கயிறு கட்டி அளந்துகொள்க. அஃது ஏறத்தாழக் கால் ஏக்கராகும். எரிபொருட் தாங்கியை விளிம்புவரை நிரப்பி வேலையைத் தொடங்குக. திரும்புதல், புற்சுற்றிக் கத்தி நிற்றல், பட்டியைத் துப்புரவாக்கல் ஆகிய யாவற்றையும் சேர்த்தே நேரத்தைக் குறித்தல் வேண்டும். முடிவில் அளவைக் குவளையால் தாங்கியை மீண்டும் நிரப்பின், செலவான எரிபொருள் பிழையின்றித் தெரியும். 2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றோர் இவ்வளவீட்டின் அருமையை நன்கு அறிவர். ஒரு மீற்றர் வெட்டகலமுள்ள யந்திரம் மணிக்கு 3 கிலோமீற்றர் சென்றால், ஏட்டுக்கணக்கில் மணித்தியாலத்திற்கு 3,000 சதுர மீற்றர் வெட்டல் வேண்டும். கரடான நிலத்தில் இதன் மூன்றிலிரண்டு பங்கு கிடைத்தலே திருப்தியானது. அவ்வாறாயின் ஏக்கர் ஒன்றுக்கு ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் செல்லும்.

சரிவை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஒரு மீற்றர் நீளமுள்ள நேரான தடியின் ஒரு முனையை மேட்டுப்பக்கத்தில் நிலத்திற் பதித்து, மேசன்மார் வைத்திருக்கும் நீர்மட்டத்தினால் தடியைச் சமமாகப் பிடித்து, மறுமுனைக்கும் நிலத்துக்கும் இடையிலான உயரத்தை அளக்க. 27 சென்ரிமீற்றராயின் சரிவு 15 பாகை. 36 ஆயின் 20 பாகை. 50 ஆயின் 27 பாகை. இவ்வளவீட்டை யந்திரத்தின் கைந்நூலிற் குறிக்கப்பட்ட எல்லையுடன் ஒப்பிடல் வேண்டும். பட்டி ஏறவல்லது என்பதால் எஞ்சினும் இயங்கவல்லது என்று எண்ணுதல் தவறு. எண்ணெயை அள்ளித் தெளித்து மசகிடும் சிறிய எஞ்சின்கள் மிகச் சாய்ந்து நெடுநேரம் நிற்பின், உட்பாகங்களுக்கு எண்ணெய் எட்டாது தேய்ந்து இறுகிவிடும். எண்ணெய் பம்பியால் அழுத்தி மசகிடப்படும் எஞ்சின் இதற்கு மேலானது. இவ்விரண்டில் எவ்வகை என்பதை எழுத்திற் கேட்டுப் பெறுக.

கத்தி இருவகையாகும். கிடையாகச் சுழலும் நீண்ட கத்தி புல்லைச் சீராக வெட்டும். கல்லில் மோதினால் வளையும், அல்லது தண்டை முறிக்கும். உருளையொன்றிற் கொழுவப்பட்ட பல சிறு சுத்தியற் கத்திகளோ கல்லிற் பட்டவுடன் பின்னோக்கி மடங்கிக்கொள்ளும். பற்றைக்கும் கற்றரைக்கும் இரண்டாவது வகையே உகந்தது என்பது எமது கருத்து. அதன் கத்திகளுள் ஒன்று ஒடிந்தால், எதிர்ப்பக்கத்திலுள்ள கத்தியையும் உடன் மாற்றுதல் வேண்டும். அன்றேல் நிறை சமமின்றி உருளை அதிர்ந்து, தாங்குருளைகள் விரைவிற் கெடும். பரீட்சையின்போது கத்தியை நிறுத்தும் பிடியை விட்டபின் எத்தனை செக்கனில் அது ஓய்கின்றது என எண்ணிப் பார்க்க. செலுத்துவோர் கையை எடுத்ததும் பட்டிகளும் தாமே நிற்றல் வேண்டும். நிற்காத யந்திரத்தை எவ்விலைக்கும் வாங்கற்க.

நின்ற இடத்தில் திரும்பும் வல்லமை மதிக்கத்தக்கதெனினும், குளக்கட்டின்மேல் அதனைப் பயன்படுத்தலாகாது. பட்டி எதிரெதிராய்ச் சுழலும்போது அதன் பற்கள் புற்கரணையைக் கிழித்து மண்ணை வெளிக்காட்டிவிடும். அடுத்த பெருமழையில் அவ்விடத்திலேயே நீர் அரித்துச் சால் உண்டாகும். ஒரு குளக்கட்டின் காப்பு அதன்மேற் படர்ந்த புல்லே. கட்டு உடைந்தால் அதன்கீழ் உள்ள வயல்கள் யாவும் போம். ஆகவே, பரீட்சையில் யந்திரம் திரும்பிய இடங்களைக் குனிந்து பார்த்துக் கிழிவை அளத்தல் வேண்டும். கட்டின்மேல் அகல வளைந்தோ, முன்னும் பின்னுமாகச் சென்றோ திரும்புக. புல்லை நிலமட்டமாக மழிக்காது மூன்று, நான்கு அங்குலம் விட்டு வெட்டுக. மலைநாட்டு மரக்கறித் தோட்டங்களின் படிக்கட்டு விளிம்புகளுக்கும் இதுவே விதி. கற்றரையில் நின்று சுழற்றினால் நிலத்திற்குப் பதிலாகப் பட்டியே தேயும்.

இனி உயிர்ச்சேதம் பற்றியது. சுத்தியற் கத்தியிற் பட்ட கல் துப்பாக்கிக் குண்டு போற் பாயும். 50 மீற்றருக்குட் பிறரும் கால்நடையும் இருத்தலாகாது. அமர்ந்து செலுத்தும் யந்திரத்திற்குக் கவிழ்வுக் காப்புச் சட்டமும் இருக்கைப் பட்டியும் இன்றியமையாதன. தொலைவில் நின்று இயக்கும் வகையாயின், சரிவின் மேற்புறத்தில் நிற்க. ஒருபோதும் கீழ்ப்புறத்தில் நிற்கற்க. யாழ்ப்பாணத்துப் பாழ்க்காணிகளிற் கட்டில்லாத பழைய கிணறுகள் பற்றையால் மூடப்பட்டுக் கிடக்கும். முன்பு அக்காணியைச் செய்த முதியவர் ஒருவரை அழைத்து அவற்றின் இடத்தைக் கேட்டு, கொடியிட்டு அடையாளஞ் செய்தபின்னரே யந்திரத்தை இறக்குக. வன்னியிலும், 2009ஆம் ஆண்டில் போர் முடியும்வரை கைவிடப்பட்டிருந்த ஏனைய இடங்களிலும், கண்ணிவெடி அகற்றப்பட்டுக் கையளிக்கப்பட்ட காணிதானா என்பதைக் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் விசாரித்து உறுதிசெய்யுமுன் எவ்வகை யந்திரமும் இறக்கப்படலாகாது. இவ்விடயத்தில் அயலவரின் வாய்ச்சொல் போதாது.

விலை பற்றிக் கூறுவதாயின், இரண்டு மூன்று ஏக்கர் செய்யும் தனிக் கமக்காரர் இதனை வாங்குதல் ஆகாது. உதாரணமாக, விலை 10 இலட்சம் ரூபா எனவும், எட்டு ஆண்டின் பின் 2 இலட்சத்திற்கு விற்கலாம் எனவும் வைத்துக்கொண்டால், ஆண்டொன்றுக்கு 1 இலட்சம் ரூபா தேய்மானமாகும். ஆண்டில் 50 மணித்தியாலம் ஓடினால் மணிக்கு 2,000 ரூபா. 250 மணித்தியாலம் ஓடினால் 400 ரூபா. எரிபொருள், கத்தி, பட்டி, செலுத்துவோர் கூலி யாவும் இதற்கு மேலாகும். 250 மணித்தியாலம் என்பது ஏறத்தாழ 125 ஏக்கர் வேலை. அவ்வளவு வேலையைத் திரட்டக்கூடியது கமக்காரர் அமைப்பே. அமைப்பாக வாங்குமிடத்தும், இரண்டு பட்டிகளினதும் ஒரு தொகுதிக் கத்தியினதும் விலையை விலைக்கூற்றிலேயே எழுதுவித்து, உதிரிப்பாகம் எத்தனை நாளிற் கிடைக்குமென்பதையும் குறிப்பித்துக்கொள்க. பட்டி அறுந்து ஒரு போகம் முழுவதும் கொட்டிலில் நிற்கும் யந்திரத்தினும், கூர்மையான கத்தி பெரிது.

பார்த்தீனியம் உள்ள காணியை இவ்யந்திரத்தால் வெட்டுதல் பயனற்றது. வெட்டிய அடியிலிருந்து அது மீண்டும் தளிர்த்துக் குட்டையாகவே பூக்கும். பூக்குமுன் கையுறை அணிந்து வேரோடு பிடுங்குதலே முறை. அத்தகைய காணிக்கு அருகில் வேலை செய்திருப்பின், பட்டியின் உட்புறத்தையும் கத்திமூடியின் அடியையும் அவ்விடத்திலேயே துடைத்துக் கழுவிய பின்னரே அடுத்த காணிக்கு யந்திரத்தைக் கொண்டுசெல்லல் வேண்டும்.