நாய்க்கூண்டு: சிறையா, வீடா?

வீட்டு நாயைக் குட்டிப் பருவத்திலிருந்தே ஒரு கம்பிக்கூண்டில் பழக்குவது அமெரிக்கா போன்ற நாடுகளில் பரவலான முறை. "வாயில்லாப் பிராணியை அடைத்து வைப்பது பாவம் அல்லவா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரே கூண்டு ஒரு நாய்க்கு வீடாகவும் மற்றொரு நாய்க்குச் சிறையாகவும் அமைவது ஏன்? இதற்கு விடை காண இரண்டு பழைய சோதனைகள் நமக்கு உதவும்.

பெட்டியும் ஒலியும்

1898-இல் அமெரிக்க உளவியலறிஞர் எட்வர்டு தார்ண்டைக், பசித்த பூனையை ஒரு பெட்டியில் அடைத்து, வெளியே உணவை வைத்தார். உள்ளே தொங்கும் கயிற்றை இழுத்தால் கதவு திறக்கும். பூனை கம்பிகளைப் பிறாண்டியது, கடித்தது. தற்செயலாகக் கயிற்றில் கால் பட்டதும் கதவு திறந்தது. திரும்பத் திரும்ப அடைத்தபோது வீண் செயல்கள் குறைந்தன. வெளியேற எடுத்துக்கொண்ட நேரமும் குறைந்தது. நாய்களைக் கொண்டும் அவர் இவ்வாறு சோதித்தார். இன்பமான விளைவைத் தரும் செயல் நிலைபெறுகிறது என்னும் இக்கருத்தே 'விளைவு விதி'.

ருஷ்ய அறிஞர் இவான் பாவ்லவ், செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்றவர். நாய்க்கு உணவு தருமுன் ஒவ்வொரு முறையும் ஓர் ஒலியைக் கேட்கச் செய்தார். சில நாள்களில், ஒலியைக் கேட்ட மாத்திரத்திலேயே நாய்க்கு உமிழ்நீர் சுரந்தது. இதுவே 'ஆக்கநிலையுறுத்தல்'.

எப்படிப் பழக்குவது?

முதல் சில நாள்கள் கூண்டின் கதவைத் திறந்தே வையுங்கள். உணவை உள்ளே வையுங்கள். கூண்டு என்றால் நல்லது நடக்கும் என்று குட்டியின் மனத்தில் பதியும். பிறகு, அது உண்ணும்போது ஒரு நிமிடம் கதவைச் சாத்துங்கள்; நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

குட்டி சிணுங்கியதும் கதவைத் திறந்தால் என்ன ஆகும்? தார்ண்டைக்கின் கயிறு நினைவிருக்கிறதா? சிணுங்கலே அந்தக் கயிறாகிவிடும்! எனவே, அது ஒரு கணம் அமைதியானதும் திறவுங்கள். ஆனால் சிறுநீர் கழிக்கும் அவசரத்தில் சிணுங்கினால் உடனே வெளியே கொண்டு செல்ல வேண்டும். எச்சில் ஒழுக, கம்பியைக் கடித்து மிரண்டால் அது பிடிவாதமன்று, அச்சம். பயிற்சியைப் பழைய படிக்கே கொண்டு செல்லுங்கள். தண்டனைக்காக ஒருபோதும் கூண்டில் அடைக்காதீர்கள். அச்சமும் அதே விதிப்படிதான் கூண்டோடு ஒட்டிக்கொள்கிறது.

பயன்கள் யாவை?

நாய் தான் படுக்கும் இடத்தை அசுத்தம் செய்யப் பொதுவாக விரும்பாது. ஆகவே கூண்டைத் திறந்ததும் வெளியே கூட்டிச் சென்றால், கழிவை உரிய இடத்தில் கழிக்க விரைவில் கற்றுக்கொள்ளும். கூண்டு, நாய் நிமிரவும் திரும்பவும் கால்நீட்டிப் படுக்கவும் போதுமான அளவில் இருக்க வேண்டும். குட்டிக்கு மிகப் பெரிதாக இருந்தால், ஒரு மூலை படுக்கையாகவும் மறு மூலை கழிப்பிடமாகவும் மாறிவிடும்.

ஆளில்லாத நேரத்தில் குட்டி மின்கம்பியைக் கடித்து உயிரிழக்கும் அபாயம் நீங்குகிறது. அறுவை சிகிச்சைக்குப்பின் ஓய்வு தர முடிகிறது. ரயிலில் நாய்க்கூண்டில் பயணம் செய்ய நேர்ந்தாலும் மிரட்சி குறையும். தீபாவளி வெடிச்சத்தத்தின்போது, கதவு திறந்த கூண்டு அதற்குப் புகலிடமாகும்.

வெப்பத்தை மறவாதீர்கள்

நாய்க்கு வியர்வைச் சுரப்பிகள் பெரும்பாலும் பாதங்களில்தான் உள்ளன. உடல் வெப்பத்தைத் தணிக்க அது மூச்சிரைக்கிறது. நாக்கிலும் சுவாசப் பாதையிலும் உள்ள நீர் ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் தேவை. 10 கிலோகிராம் எடையுள்ள நாயின் வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் குறைய ஏறத்தாழ 35,000 ஜூல் வெளியேற வேண்டும். அதாவது, சுமார் 15 கிராம் நீர் ஆவியானால் போதும்.

ஆனால் காற்றோட்டமில்லாத பெட்டியில் ஈரப்பதம் ஏறிக்கொண்டே போகும்; ஆவியாதல் தடைப்படும். நாயின் இயல்பான வெப்பநிலை 38 முதல் 39 டிகிரி. அது 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. எனவே காற்று புகும் கம்பிக்கூண்டு, நிழல், குடிநீர் மூன்றும் இன்றியமையாதவை. வெயிலில் நிற்கும் காருக்குள் கூண்டை விட்டுச் செல்லக் கூடாது.

நாள் முழுதும் பூட்டி வைப்பது பயிற்சி ஆகாது. இளங்குட்டியால் சில மணி நேரங்கூடச் சிறுநீரை அடக்க இயலாது. ஓட்டமும் விளையாட்டும் நம் தோழமையும் எல்லா நாய்க்கும் வேண்டும். ஸ்வீடனிலும் பின்லாந்திலும் வீட்டில் நாயைக் கூண்டில் அடைத்து வைப்பதைச் சட்டமே கட்டுப்படுத்துகிறது.

செய்து பாருங்கள்: ஒரே அளவுள்ள இரண்டு ஈரத்துணிகளில் ஒன்றைக் கொடியிலும், மற்றதை மூடிய டப்பாவிலும் போடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து இரண்டையும் தொட்டுப் பாருங்கள். கூண்டுக்கு ஏன் காற்றோட்டம் வேண்டும் என்பதை உங்கள் விரல்களே சொல்லும்.