முதலில் பிரேக், பிறகு டயர்: சூப்பர்காரை ட்ராக்குக்குத் தயார் செய்வது எப்படி?

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் இருக்கிறது இருங்காட்டுக்கோட்டை. அங்குள்ள பந்தயத் தளத்தின் நீளம் 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். 2011 முதல் 2013 வரை ஃபார்முலா 1 பந்தயம் நடந்த கிரேட்டர் நொய்டாவின் புத் சர்வதேசத் தளம் 5.125 கிலோமீட்டர், 16 வளைவுகள். பந்தயம் இல்லாத சில நாட்களில் இத்தகைய தளங்கள் 'ட்ராக் டே' என்ற பெயரில் கார் உரிமையாளர்களுக்குத் திறந்துவிடப்படுகின்றன. கட்டணம் கட்டிவிட்டு, நம்பர் பிளேட் மாட்டிய சொந்தக் காரையே உள்ளே ஓட்டலாம். போட்டி கிடையாது, பரிசு கிடையாது. ஆனால் சாலையில் ஒரு வருடத்தில் படாத பாட்டைக் கார் இங்கே ஒரே காலையில் பட்டுவிடும்.

ஐந்நூறு, அறுநூறு குதிரைத்திறன் உள்ள காரில் தயார் செய்ய என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஒரு சின்னக் கணக்குப் போட்டால் விடை தெரியும். ஓட்டுநரோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள கார், 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது பிரேக்குகள் விழுங்கும் ஆற்றல் சுமார் 0.58 மெகாஜூல். அதே கார் நீண்ட நேர்பாதையின் முடிவில் 260-லிருந்து 80-க்கு இறங்கும்போது அது 3.5 மெகாஜூலாகிறது. ஆறு மடங்கு! அறை வெப்பத்தில் உள்ள 12 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இவ்வளவு வெப்பம் போதும். அது சில நொடிகளில் நான்கு டிஸ்க்குகளுக்குள் இறங்குகிறது. அடுத்த சுற்றில் மறுபடியும்.

எனவே எக்ஸாஸ்ட், ஈ.சி.யூ. ட்யூனிங் என்று பணத்தைக் கொட்ட வேண்டாம். இன்ஜினில் போதுமான பலம் ஏற்கெனவே இருக்கிறது. கார் நிற்க வேண்டும், சூடு தாங்க வேண்டும், மாலையில் அதே காரில் வீடு திரும்ப வேண்டும். செலவெல்லாம் இந்த மூன்றுக்காகத்தான்.

பிரேக் ஆயில்

முதல் வேலை, மலிவான வேலை, பலரும் தள்ளிப்போடும் வேலை இதுதான். சாதாரண டாட் 4 பிரேக் ஆயிலின் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி. காற்றிலுள்ள ஈரத்தை அது மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் ஏறிய நிலையில் அதே விதி கேட்பது 155 டிகிரி மட்டுமே. கடலோர ஊர்களின் புழுக்கத்தில் இரண்டு வருடம் இருந்த ஆயிலைக் கேட்கவே வேண்டாம். காலிப்பருக்குள் ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழிகள் உண்டாகும். ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நேர்பாதையின் முடிவில் பெடலை மிதித்தால் அது தரைவரை போகும், கார் மட்டும் போய்க்கொண்டே இருக்கும்.

பந்தய ஆயில்கள் 300 டிகிரியைத் தாண்டியும் தாங்கும். வாங்கும்போது டப்பாவில் பெரிதாக அச்சிட்ட எண்ணை மட்டும் பார்க்கக் கூடாது. மோட்டுல் ஆர்.பி.எஃப். 600-இன் கொதிநிலை புதிதில் 312, ஈரம் ஏறினால் சுமார் 205. காஸ்ட்ரால் எஸ்.ஆர்.எஃப். புதிதில் 320, ஈரம் ஏறிய பிறகும் 270. ஒவ்வொரு ட்ராக் டேக்கு முன்பும் ஆயில் மாற்றுபவருக்கு முதல் வகை போதும். வருடத்துக்கு ஓரிரு முறை மட்டும் போகிறவர் ஈரம் ஏறிய நிலைக்கான எண்ணைப் பார்த்து வாங்குவதே நல்லது. டாட் 5 என்ற பெயரில் வரும் சிலிக்கோன் ஆயில் வேறு இனம், ஏ.பி.எஸ். உள்ள இந்தக் கார்களில் அதை ஊற்றவே கூடாது.

ஆயில் மாற்றும்போது உரிமையாளர் பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது. காலிப்பரின் ப்ளீடர் முனையில் கண்ணாடிபோல் தெளிவான குழாயைச் செருகி, பெடலை மிதித்துப் பிடிக்கச் சொல்லி, முனையைக் கால் திருகு திறப்பார் மெக்கானிக். முதலில் வருவது டிகாஷன் நிறத்தில் இருக்கும், கூடவே பொடிப்பொடியாகக் குமிழிகள். புது ஆயில் தெளிவாக, ஒரு குமிழிகூட இல்லாமல் வரும்வரை அடுத்த சக்கரத்துக்குப் போகக் கூடாது.

அடுத்தது பேட். பாதிக்கு மேல் தேய்ந்த பேடோடு ட்ராக்கில் இறங்கக் கூடாது. சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பது மட்டும் காரணமல்ல. பேட் மெலிய மெலிய டிஸ்க்கின் சூடு எளிதாகப் பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் கடந்துபோகும். ட்ராக்குக்கான பேடுகள் சூட்டைத் தாங்கும். சாலையில் கீச்சிடும், அதிகம் கரி உதிர்க்கும், குளிர்ந்த நிலையில் சற்று மந்தமாகவும் பிடிக்கும். எதை மாட்டினாலும், 100-லிருந்து 20 வரை எட்டுப் பத்து முறை முழுவதும் நிறுத்தாமல் வேகம் குறைத்து, பிறகு ஆறவிட்டுப் படியவைக்க வேண்டும்.

கார்பன் செராமிக் டிஸ்க் உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இவற்றின் தேய்மானம் தடிமனில் அவ்வளவாகத் தெரியாது. அதிக வெப்பத்தில் கார்பன் எரிந்து எடை குறையும். பல டிஸ்க்குகளில் குறைந்தபட்ச எடை பொறிக்கப்பட்டிருக்கும். கழற்றி எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றும்போது அது டிஸ்க்கின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினாலே துணுக்கு பெயர்ந்துவிடும். கைடு பின் செருகாமல் யாரையும் கழற்ற விடக் கூடாது. மாற்றும் விலையை நினைத்து, ட்ராக்குக்கென்றே இரும்பு டிஸ்க் வாங்கி மாட்டுபவர்கள் உண்டு. அடிக்கடி போகிறவர்களுக்கு அது புத்திசாலித்தனமான செலவு.

டயரும் கேம்பரும்

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 3223 என்றால் 2023-ஆம் ஆண்டின் 32-வது வாரம் தயாரானது. பட்டன் நிறைய இருந்தாலும் பழைய டயர் இறுகிப்போயிருக்கும். மிஷெலின் பைலட் ஸ்போர்ட் கப் 2 போன்ற டயர்கள் உலர்ந்த தளத்தில் அபாரமாகப் பிடிக்கும். ஆனால் பள்ளங்கள் குறைவு என்பதால் தேங்கிய தண்ணீரில் மிதக்கும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் ஓட்டுபவர் வீடு திரும்பும் வழியையும் யோசிக்க வேண்டும்.

காற்றழுத்தத்தில்தான் பலர் தவறுகிறார்கள். டயர் 10 டிகிரி சூடேறினால் அழுத்தம் சுமார் ஒன்றரை பி.எஸ்.ஐ. கூடும். காலையில் 27 வைத்து, டயரின் வெப்பம் 45 டிகிரி உயர்ந்தால் 33 காட்டும். கணக்கில் கொள்ள வேண்டியது இந்தச் சூடான அளவைத்தான். கார் கையேட்டில் ட்ராக்குக்கென்று தனி அளவு இருந்தால் அதை வைத்துத் தொடங்கி, முதல் சுற்றுகள் முடிந்து பிட்டுக்கு வந்த உடனே அளந்து, கூடுதலைத் திறந்துவிட வேண்டும். வெயிலில் நின்ற பக்கத்து டயர்கள் அப்போதே ஓரிரு பி.எஸ்.ஐ. அதிகம் காட்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

சாலைக்கான அலைன்மென்ட்டில் முன் சக்கரங்கள் ஏறக்குறைய நேராக நிற்கும். வேகமாக வளையும்போது கார் சாய்வதால் டயரின் வெளி விளிம்பு மட்டும் அரைபடும். மேல்பக்கம் உள்நோக்கிச் சாயும் நெகட்டிவ் கேம்பரை இரண்டு, இரண்டரை டிகிரி வரை கொடுத்தால் டயர் முழுவதும் தளத்தில் பதியும். போர்ஷே 911 ஜி.டி.3 போன்ற கார்களில் ஷிம் தகடுகளைச் சேர்த்தே இதைச் செய்யலாம், குறித்துவைத்தால் திரும்பவும் மாற்றலாம். ஊசி வகை வெப்பமானியை ரப்பருக்குள் குத்தி, உள், நடு, வெளி என மூன்று இடத்தில் அளந்தால், கொடுத்த கேம்பர் போதுமா என்று தெரிந்துவிடும். வெளிப்பக்கம் அதிகம் சுட்டால் கேம்பர் போதாது.

சூடு

பல சூப்பர்கார்களில் ரேடியேட்டர்கள் முன் பம்பரின் இரு மூலைகளிலும் ஒளிந்திருக்கும். 911-இல் அங்குள்ள காற்று வாய்களுக்குள் சருகும் பாலித்தீனும் சேர்ந்து மெத்தையாகக் கிடப்பது சகஜம். பம்பரைக் கழற்றிச் சுத்தம் செய்வது ஒரு மணி நேர வேலை. இன்ஜினின் ஆயுளுக்கு இதைவிட மலிவான வைத்தியம் கிடையாது. இன்ஜின் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில் இரண்டின் வெப்பத்தையும் டாஷ்போர்டில் வைத்துக்கொண்டே ஓட்ட வேண்டும்.

தொழிற்சாலையிலிருந்து வந்த கார்தானே என்ற நம்பிக்கை மட்டும் போதாது. 2010-இல் ஃபெராரி 458 இட்டாலியாவின் பின்சக்கர வளைவில் வெப்பக் கவசத்தை ஒட்டியிருந்த பசை, சூட்டில் இளகித் தீப்பிடித்த சம்பவங்கள் நடந்தன. கார்களைத் திரும்ப அழைத்து, பசைக்குப் பதில் இயந்திர வகைப் பிடிப்புகளைப் பொருத்தினார்கள். வாங்கும் கார் எதுவானாலும் அதற்கான திருத்த அழைப்புகள் எல்லாம் முடிந்துவிட்டனவா என்று விசாரிப்பது அவசியம்.

பாதுகாப்பும் சட்டமும்

ஹெல்மெட் ஸ்னெல் எஸ்.ஏ. தரத்தில் இருக்க வேண்டும். பைக்குக்கான எம் வகையில் தீத்தடுப்பு உள்ளுறை கட்டாயமில்லை. ஆறு முனைப் பந்தய பெல்ட்டை மட்டும் தனியாக மாட்டக் கூடாது: கார் உருண்டு கூரை அமுங்கினால் அது ஆளைக் குனியவிடாமல் பிடித்துவைக்கும். ரோல் கேஜும் கழுத்துக் காப்பும் இல்லையென்றால் கம்பெனி கொடுத்த மூன்று முனை பெல்ட்டே மேல். தயாரிப்பாளர் தந்த அமைப்பிலிருந்து விலகும் மாற்றங்கள் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் தெளிவாகச் சொல்லிவிட்டதால், சாலையிலும் ஓடும் காரில் கேஜ் பற்ற வைக்குமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். வழக்கமான கார் இன்சூரன்ஸ், பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பொருந்தாது. ட்ராக்கில் நொறுங்கினால் செலவு பெரும்பாலும் சொந்தக் கையிலிருந்துதான்.

அன்றைக்கு

தரைமிதியடி, தண்ணீர் பாட்டில், டிக்கியில் உருளும் சாமான் எல்லாம் வெளியே. இழுவைக் கொக்கியை முன்கூட்டியே திருகி மாட்டிவிட வேண்டும். சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும், ஜி.டி.3-இன் ஒற்றை நட்டுக்கு 600 நியூட்டன் மீட்டர் தேவை, அதற்கேற்ற நீண்ட ரெஞ்ச் இல்லாமல் கிளம்பக் கூடாது. பெட்ரோல் கால் டேங்குக்குக் கீழே போனால் வளைவுகளில் பம்ப் காற்றை உறிஞ்சக்கூடும்.

முதல் சுற்று சூடேற்ற, அடுத்த மூன்று நான்கு வேகமாக, கடைசிச் சுற்று பிரேக்கைத் தொடாமல் ஆறவைக்க. சறுக்கலைத் தடுக்கும் ஈ.எஸ்.சி.யை முதல் நாளில் அணைக்க வேண்டாம். பெடல் துளி இளகினாலும் அந்தச் சுற்றோடு உள்ளே வந்துவிட வேண்டும். நின்றதும் ஹேண்ட்பிரேக் போடக் கூடாது: கொதிக்கும் பேட் டிஸ்க்கோடு ஒட்டி அடையாளம் விழும். எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் இன்ஜினை அணைத்ததும் தானாகப் பிடித்துக்கொள்ளும் கார்களில் அதை முடக்கும் முறையைக் கையேட்டில் முதல் நாளே படித்துக்கொண்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்தலாம்.

மாலையில் கேட்டைத் தாண்டுமுன் பேடின் தடிமன், நட்டுகளின் இறுக்கம், டயரில் வெட்டு ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பகலில் திறந்துவிட்ட காற்றையும் திரும்ப நிரப்ப வேண்டும். டயர் ஆறியபின் 27-க்கும் கீழே இறங்கிவிட்ட அழுத்தத்தோடு, சாமான்களையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் வேகம் பிடித்தால், ட்ராக்கில் தப்பிய டயர் வழியில் வெடிக்கும்.