தண்ணீர் மோட்டர் ஓடவில்லையா? சுவிட்சைப் போடுமுன் பாருங்கள்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழை பதுளை மாவட்டத்தின் பல இடங்களில் மண்சரிவையும் வெள்ளத்தையும் கொண்டுவந்தது. இப்படிப்பட்ட நாட்களில் பாடசாலையிலும் கோயில் மண்டபத்திலும் உறவினர் வீட்டிலும் தங்கியிருந்துவிட்டு நீங்கள் இப்போது வீடு திரும்புகிறீர்கள்.

வந்ததும் முதலில் தேடுவது தண்ணீரைத்தான். வீட்டைக் கழுவ வேண்டும், சேறு படிந்த பாத்திரங்களைத் தேய்க்க வேண்டும், பிள்ளைகளைக் குளிப்பாட்ட வேண்டும். பீலித் தண்ணீர் வருகிற லயங்களில் குழாயைச் சரிசெய்தால் போதும். கிணற்றிலிருந்தோ கீழ்த் தாங்கியிலிருந்தோ மோட்டரால் தண்ணீர் ஏற்றுகிற இடங்களில் எல்லோரும் நேராக மோட்டர் கொட்டகைக்குத்தான் ஓடுவார்கள். சுவிட்சைப் போடுவார்கள். ஓடவில்லை என்றால் திரும்பத் திரும்பப் போடுவார்கள்.

மோட்டர் கருகுவதும் ஆளுக்கு மின்சாரம் தாக்குவதும் அந்த நேரத்தில்தான். ஆகவே இந்தப் பாடத்தின் விதி ஒன்றே ஒன்று: முதலில் கண், பிறகு கை, கடைசியில் சுவிட்ச்.

1. கொட்டகைக்குப் போகுமுன்

உங்கள் இடத்துக்குத் திரும்பலாம் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனைக்குப் பின் அறிவித்திருந்தாலும், கிணறும் மோட்டரும் இருக்கும் சரிவைத் தனியாகப் பாருங்கள். அவை பெரும்பாலும் லயத்திலிருந்து தள்ளி, பள்ளத்தில் அல்லது ஓடையோரத்தில் இருக்கும். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரங்கள், முன்பு இல்லாத இடத்தில் நீர் ஊறுவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அங்கே நிற்க வேண்டாம். திரும்பி வந்து கிராம உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள்.

மழை பெய்யும்போது போக வேண்டாம். தனியாகவும் போக வேண்டாம். காலில் உலர்ந்த இறப்பர் செருப்பு அல்லது பூட்ஸ் இருக்கட்டும். முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். பிறகு மோட்டரின் பிளக்கைக் கழற்றுங்கள். மெயின் சுவிட்ச் இருக்கும் இடமே நனைந்திருந்தால், அல்லது வயர் அறுந்து தொங்கினால், எதையும் தொடாமல் 1987 என்ற இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

2. மோட்டர் நனைந்ததா?

கொட்டகைச் சுவரில் சேற்றுக் கோடு தெரியும். அந்தக் கோடு மோட்டரைவிட உயரத்தில் இருந்தால் மோட்டர் மூழ்கியிருக்கிறது. வெளியே காய்ந்து சுத்தமாகத் தெரிந்தாலும் உள்ளே கம்பிச் சுற்றில் ஈரமும் சேறும் பல வாரங்கள் இருக்கும். அப்படிப்பட்ட மோட்டருக்கு மின்சாரம் கொடுக்க வேண்டாம். “ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்” என்ற அந்த ஒரு தடவையே அதைக் கருக்கிவிடும்.

மூழ்கிய மோட்டரை மின்தொழிலாளியிடம் கொடுங்கள். அவர் கழற்றி, நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, உலரவைத்து, ‘மெகர்’ என்ற கருவியால் மின்கசிவு இருக்கிறதா என்று பார்ப்பார். அந்த அளவு குறைந்தது 1 மெகாஓம் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் இன்னும் உலரவேண்டும், அல்லது கம்பி மாற்றிச் சுற்றவேண்டும். சேறு புகுந்த பெயாரிங்கையும் மாற்ற நேரிடலாம்.

மார்கழி மழையிலும் பனிமூட்டத்திலும் வெயில் கிடைப்பது கஷ்டம். அதற்காக மோட்டரை மிலாறு எரியும் அடுப்பு மேல் வைத்துக் காயவைக்க வேண்டாம். கடுஞ்சூட்டில் கம்பியின் மேல்பூச்சு கெட்டுவிடும். காற்றோட்டமான உலர்ந்த அறையில் பல நாட்கள் வைப்பதே சரி.

பழுதுபார்க்கக் கொடுக்குமுன் மோட்டரையும் சேற்றுக் கோட்டையும் தொலைபேசியில் படம் எடுத்து, கிராம உத்தியோகத்தரிடம் சேதத்தைப் பதியச் சொல்லுங்கள். பிறகு கேட்டால் காட்டுவதற்கு அதுதான் இருக்கும்.

3. மூழ்காத மோட்டர்: அது எப்படி நடந்துகொள்கிறது?

மோட்டர் மூழ்கவில்லை, வயர்களும் காய்ந்திருக்கின்றன என்றால், பிளக்கைப் போட்டு ஒரே ஒரு தடவை சுவிட்சைப் போடுங்கள். காதைக் கொடுத்துக் கேளுங்கள். நான்கில் ஒன்று நடக்கும்.

(அ) சத்தமே இல்லை

மோட்டருக்கு மின்சாரம் வரவில்லை. வீட்டில் விளக்கு எரிகிறதா? பக்கத்து லயத்தில் எரிகிறதா? எங்கும் இல்லை என்றால் பிழை மோட்டரில் இல்லை. மற்ற இடங்களில் மின்சாரம் இருந்தால் மோட்டரின் பியூஸ் அல்லது பிரேக்கரைப் பாருங்கள். பிளக்கில் கருகிய வாசனை, உருகிய அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். கொட்டகை பல வாரம் பூட்டிக் கிடந்தால் எலி வயரைக் கடித்திருக்கும், எறும்பு சுவிட்சுக்குள் கூடு வைத்திருக்கும். தாங்கியில் மிதவைச் சுவிட்ச் இருந்தால் அது சேற்றில் சிக்கி, “தாங்கி நிறைந்துவிட்டது” என்று மோட்டரை நிறுத்தி வைத்திருக்கலாம்.

சில மோட்டர்கள் சூடு கூடினால் தாமாக நின்று, ஆறியதும் தாமாக ஓடத் தொடங்கும். ஆகவே நின்றிருக்கும் மோட்டரிலும் பிளக்கைக் கழற்றாமல் கைவைக்க வேண்டாம்.

(ஆ) ‘ம்ம்ம்’ என்று முனகுகிறது, சுற்றவில்லை

உடனே நிறுத்துங்கள். மின்சாரம் வருகிறது, மோட்டரால் சுற்ற முடியவில்லை. இப்படியே விட்டால் சில நிமிடங்களிலேயே கம்பி கருகலாம். காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, இறுகிப் போயிருக்கும். பல வாரம் ஓடாமல் கிடந்தால் உள்ளே துருவும் மண்ணும் பிடித்துக்கொள்ளும். பிளக்கைக் கழற்றி, பின்பக்க மூடியைத் திறந்து, விசிறியைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தால் பல தடவை விட்டுக்கொடுக்கும். சுத்தியலால் தட்ட வேண்டாம். அசையவே இல்லை என்றால் உள்ளே கல்லோ குச்சியோ சிக்கியிருக்கும். அதைக் கழற்றித்தான் எடுக்கவேண்டும்.

இரண்டாவது, கெப்பாசிட்டர் பழுதாகியிருக்கும். வீட்டு மோட்டரைச் சுற்றத் தொடங்க வைப்பது அதுதான். விசிறி கையால் லேசாகச் சுற்றுகிறது, சுவிட்ச் போட்டால் முனகல் மட்டும் என்றால் பெரும்பாலும் இதுவே. இதை நீங்கள் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் கெப்பாசிட்டருக்குள் மின்சாரம் தங்கியிருக்கும், தொட்டால் தாக்கும். மின்தொழிலாளி மாற்றும்போது பழையதில் அச்சிட்டிருக்கும் அதே மைக்ரோஃபரட் அளவுள்ளதைப் போடச் சொல்லுங்கள்.

மூன்றாவது, மின்னழுத்தம் குறைவு. வீட்டுக்கு வரவேண்டியது 230 வோல்ட். நீண்ட கம்பி வழியில் கடைசியாக இருக்கும் லயங்களுக்கு, எல்லோரும் விளக்குப் போடும் மாலை நேரத்தில் அது குறையலாம். விளக்கு மங்கலாக எரிந்தால் மோட்டரைப் போடாமல், காலையில் முயன்று பாருங்கள்.

(இ) போட்டதும் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது

மின்சாரம் எங்கோ கசிகிறது. ட்ரிப் சுவிட்ச் உங்கள் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. பிளக்கைக் கழற்றிவிட்டு ட்ரிப் சுவிட்சைத் தூக்கிப் பாருங்கள். அது நின்றால் கசிவு மோட்டரில் அல்லது அதன் வயரில் இருக்கிறது. மின்தொழிலாளி பார்க்கும்வரை மோட்டரைப் போட வேண்டாம். ட்ரிப் சுவிட்சைக் கட்டிவைப்பது, அதைத் தவிர்த்து நேராக வயர் கொடுப்பது, எர்த் வயரைக் கழற்றுவது, இவை மூன்றும் ஆளைக் கொல்லும்.

(ஈ) ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை

மோட்டர் நல்லது. குழாயில் காற்று நிற்கிறது. நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, மோட்டரின் மேலுள்ள மூடி வழியாகக் குமிழி நிற்கும்வரை தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கிவிட்டுப் போடுங்கள். ஊற்றிய தண்ணீர் நிற்காமல் இறங்கிப் போனால், கிணற்றுக்குள் இருக்கும் ஃபுட் வால்வில் இலையோ கல்லோ சிக்கியிருக்கிறது. குழாயைக் கயிறு கட்டி மேலே இழுத்துச் சுத்தம் செய்யுங்கள். கிணற்றுக்குள் யாரும் இறங்க வேண்டாம். பெற்றோல் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கவும் வேண்டாம். அதன் புகை கிணற்றிலிருப்பவரைச் சத்தமில்லாமல் கொல்லும்.

தண்ணீர் மட்டமும் கீழே போயிருக்கலாம். மேலே வைத்திருக்கும் மோட்டர் கடற்கரை ஊரில் ஏறக்குறைய 7 மீற்றர் ஆழத்திலிருந்து இழுக்கும். உயரம் கூடக் கூட காற்றழுத்தம் குறைவதால் அந்த அளவும் குறையும். 1,400 மீற்றர் உயரத்திலுள்ள ஹப்புத்தளையில் 6 மீற்றருக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். கயிற்றில் கல்லைக் கட்டி அளந்து பாருங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். எந்தக் காலத்திலும் வற்றாத ஊற்று மழைக்காலத்தில் திடீரென்று நின்றாலோ, கலங்கிச் சேறாக வந்தாலோ, அது மோட்டர் பழுது அல்ல. மலைக்குள் மண் அசைகிறது என்பதன் அடையாளமாக இருக்கலாம். மோட்டரை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு பாதுகாப்பான இடத்துக்குப் போய், 117க்கு அறிவியுங்கள்.

4. ஓர் உதாரணம்

பன்னிரண்டு வீடுகள் உள்ள ஒரு லயத்துக்கு ஒரு மோட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வாரத்துக்குப் பின் எல்லோரும் திரும்புகிறார்கள். சுவிட்ச் போட்டதும் முனகல். ஓர் இளைஞர், “இன்னும் ரெண்டு தரம் போட்டா பிடிச்சுக்கும்” என்கிறார். ஓர் அக்கா பிளக்கைக் கழற்றிவிட்டு, “முதல்ல கையால சுத்திப் பாப்போம் தம்பி” என்கிறார். விசிறி இறுகியிருக்கிறது. மெல்ல அசைத்ததும் விடுகிறது. மறுபடி போட்டதும் மோட்டர் ஓடுகிறது. செலவு இல்லை. அந்த இளைஞர் சொன்னபடி செய்திருந்தால் மோட்டர் கருகி, பன்னிரண்டு வீடும் வாளியோடு ஓடைக்கு நடந்திருக்கும்.

5. தண்ணீர் வந்த பிறகு

முதலில் வரும் கலங்கல் தண்ணீரைத் தாங்கிக்கு விட வேண்டாம். லயத்துக்குப் பின்னாலுள்ள சரிவிலும் விட வேண்டாம். ஏற்கனவே ஊறிய மண்ணில் இன்னும் தண்ணீர் சேர்ந்தால் சரிவு பலவீனமாகும். கானுக்குள் போகும்படி குழாயை நீட்டி வையுங்கள். அதே காரணத்துக்காக, உடைந்து ஒழுகும் குழாயை அன்றைக்கே அடையுங்கள்.

வெள்ளம் புகுந்த கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்து குளோரின் இடவேண்டும். எவ்வளவு இடுவது என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கிணற்றின் அளவைப் பார்த்துச் சொல்வார். அவர் சரி என்று சொல்லும்வரை குடிக்கும் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடியுங்கள். தெளிவாகத் தெரிவதால் மட்டும் தண்ணீர் சுத்தமாகிவிடாது.

6. யாரையாவது மின்சாரம் தாக்கினால்

அவரைத் தொடாதீர்கள். மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். முடியாவிட்டால் உலர்ந்த பலகையில் நின்று, உலர்ந்த மரக்கட்டையால் வயரைத் தள்ளுங்கள். பிறகு 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். எழுந்து நடந்தாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

லயத்தில் சேர்ந்து பேசுங்கள்

• நமது மோட்டரின் மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது? எல்லோருக்கும், பிள்ளைகளுக்கும் தெரியுமா?
• மோட்டருக்குப் பொறுப்பான இருவர் யார்? கொட்டகைச் சாவி யாரிடம்?
• அடுத்த மழைக்கு முன் மோட்டரைச் சேற்றுக் கோட்டுக்கு மேலே உயர்த்தி வைக்க முடியுமா?
• மறுபடி இடம்பெயர நேர்ந்தால், போகுமுன் பிளக்கைக் கழற்றுவது யார்?

நினைவில் வையுங்கள்

அனர்த்த முகாமைத்துவ நிலையம்: 117
அம்புலன்ஸ்: 1990
மின்சாரம்: 1987

மோட்டர் கருகினால் இன்னொன்று வாங்கலாம். அதைப் போடப் போன ஆள் திரும்பி வரவேண்டும். முதலில் கண், பிறகு கை, கடைசியில் சுவிட்ச்.