செயின் சா ஸ்டார்ட் ஆகவில்லையா? திருக்கோகர்ணம் வட்டாரத் தோட்டக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருக்கோகர்ணத்தைத் தாண்டினால் தைலமரம், முந்திரி, சீமைக்கருவை. அரிவாளும் கோடாலியும் போதும் என்றிருந்த தோட்டங்களில்கூட இப்போது பெட்ரோலில் ஓடும் செயின் சா வந்துவிட்டது. புதிதாக வாங்கியவர்கள் நாலு இழுப்பில் பிடிக்கவில்லை என்றதும் மெக்கானிக்கைத் தேடி ஓடுகிறார்கள். ஓட வேண்டாம். பெரும்பாலும் கோளாறு மெஷினில் இருக்காது. ஊற்றிய பெட்ரோலிலோ இழுத்த விதத்திலோதான் இருக்கும்.

கயிற்றைத் தொடும் முன்

சுவிட்ச் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். மெஷினைச் சமதரையில் வைத்து, செயின் பிரேக்கை முன்னால் தள்ளிப் பூட்டுங்கள். வலது கால் நுனியைப் பின்கைப்பிடிக்குள் விட்டு மிதித்து, இடக்கையால் முன்கைப்பிடியை அழுத்திக்கொண்டு, வலக்கையால் கயிற்றை இழுக்க வேண்டும். அந்தரத்தில் தூக்கிப் பிடித்து இழுப்பதைப் பலர் கெத்தாகச் செய்கிறார்கள். தொடையைக் கிழித்துவிடும், பழகிய கைக்கும் அது வேண்டாம்.

சோக்கில்தான் பாதி வித்தை

குளிர்ந்த மெஷினுக்கு முழு சோக் போட்டு இழுங்கள். சில இழுப்பில் ‘டப்’ என்று ஒரு சத்தம் வந்து அணையும். கேட்டதும் சோக்கைப் பாதிக்குத் தள்ளி மறுபடி இழுத்தால் பிடித்துக்கொள்ளும். அந்த ஒற்றைச் சத்தத்தைக் கவனிக்காமல் முழு சோக்கிலேயே இழுத்துக்கொண்டிருந்தால் உள்ளே பெட்ரோல் நிரம்பி பிளக் நனைந்துவிடும். அதற்கப்புறம் கை வலிக்க இழுத்தும் பயனில்லை.

அப்படி ஆகிவிட்டால் சுவிட்சை ஆஃப் செய்து பிளக்கைக் கழற்றுங்கள். சோக்கை முழுதாக எடுத்துவிட்டு, பிளக் துளை உங்கள் பக்கம் இல்லாதபடி திருப்பி வைத்துக் கயிற்றைப் பத்து தடவை இழுங்கள். தேங்கிய பெட்ரோல் தெறித்து வெளியேறும். பக்கத்தில் பீடியோ அடுப்போ இருக்கக் கூடாது. பிளக்கைத் துடைத்துக் காயவைத்துப் பூட்டிவிட்டு, சோக் இல்லாமல் இழுத்துப் பாருங்கள்.

டேங்கில் இருப்பது எந்த மாதத்துப் பெட்ரோல்?

இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். செயின் சா கையேடுகள் பலவும் 10 சதவீதம் வரைதான் ஒப்புகின்றன. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் மிகுந்தால் தண்ணீரும் எத்தனாலுமாகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பெட்ரோலை உறிஞ்சும் ஃபில்ட்டர் கிடப்பதும் அதே அடியில்தான். மெஷின் எப்படிப் பிடிக்கும்?

பழைய கலவையைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் தனிப் படலம் தெரிந்தாலோ, காரல் வாடை அடித்தாலோ அது வேலைக்காகாது. ஒரு மாதத்துக்குள் தீர்கிற அளவுக்கு மட்டும் கலக்குங்கள். மெஷின் கம்பெனியின் 2டி ஆயில் என்றால் வழக்கமாக லிட்டருக்கு 20 மில்லி. சாதாரண 2டி ஆயிலுக்குப் பல கையேடுகள் 40 மில்லி சொல்கின்றன. உங்கள் கையேட்டில் உள்ளதே கணக்கு. ஆயில் இல்லாத வெறும் பெட்ரோலில் ஓட்டினால் பிஸ்டன் கீறி இறுகிவிடும். அந்தச் செலவு பெரிது.

பிளக்கைப் பார்த்தே பாதி தெரியும்

நாலைந்து முறை இழுத்தபின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி காய்ந்திருந்தால் பெட்ரோல் மேலே வரவில்லை. டேங்க் ஃபில்ட்டர் அடைத்திருக்கலாம், ரப்பர் குழாய் வெடித்திருக்கலாம், கார்புரேட்டர் டயாஃப்ரம் விறைத்திருக்கலாம். ஃபில்ட்டரை வளைத்த கம்பியால் வெளியே இழுத்து நீங்களே மாற்றிவிடலாம்.

நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, கரண்ட்தான் சந்தேகம். கரி படிந்திருந்தால் பித்தளை பிரஷால் தேய்த்து, இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து 0.5 மில்லிமீட்டருக்குக் கொண்டு வாருங்கள். தெறித்த பெட்ரோலைத் துடைத்து ஆவி போனபின், பிளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் இரும்புப் பகுதியைத் துளையிலிருந்து தள்ளி என்ஜினில் படும்படி வைத்து, சுவிட்சை ஆன் செய்து நிழலில் இழுங்கள். நீலப்பொறி தெறித்தால் நல்லது. இல்லையென்றால் முதலில் புது பிளக். அதற்கும் பொறி வராவிட்டால் காயில்.

காற்றும் புகையும்

ஏர் ஃபில்ட்டரில் சீமைக்கருவைத் தூள் அப்பியிருந்தால் சோப்புத் தண்ணீரில் அலசி நன்றாகக் காயவையுங்கள். சைலன்சர் வாயில் உள்ள வலையில் கரி அடைத்திருந்தால் சுரண்டி எடுங்கள்.

எப்போது மெக்கானிக்?

கயிறு எதிர்ப்பே இல்லாமல் லேசாக வந்தால் கம்ப்ரஷன் போயிருக்கும். அது வீட்டு வேலை இல்லை. கார்புரேட்டரின் எச், எல் திருகுகளையும் பழகாத கை திருகக் கூடாது. சற்றே மாறினாலும் என்ஜின் சூடேறிக் கெடும்.

வேலை முடிந்ததும்

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வீசியபோது ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கங்களில் தென்னையும் பலாவும் சாய்ந்து கிடந்தன. கரண்ட் இல்லாத அந்த நாட்களில் வழியில் விழுந்த மரத்தை அறுக்கப் பெட்ரோல் மெஷின்தான் உதவும். மாதக்கணக்கில் சும்மா கிடந்த மெஷின் அன்றைக்குப் பார்த்துச் சண்டித்தனம் செய்யும். அதனால் வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, தானே அணையும்வரை ஓடவிட்டு, அப்புறம் பரணில் ஏற்றுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் பிடிக்கும். செப்டம்பரிலேயே புதுக் கலவை ஊற்றி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கோளாறு இருந்தால் சரிசெய்ய அப்போது நேரம் இருக்கும்.