காட்டுத் தீயும் மலைக் கிராமங்களும்

உத்தராகண்ட மலைகளில் கோடையில் உதிரும் சீர் பைன் ஊசியிலைகள் பிசின் செறிந்தவையாதலின் எளிதில் தீப்பற்றும். 2016இல் அங்கு மூண்ட தீயை அணைக்க விமானப்படை ஹெலிகாப்டர்களும் நீர் கொட்டின.

தீ எட்டாத கிராமத்தையும் புகை எட்டுகிறது. இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் தேங்குவதால் விடியற்காலையில் அது அடர்ந்திருக்கும். நலம் அறியச் செல்லும் ஊழியர் முதியோர், கருவுற்ற பெண்டிர், ஆஸ்துமா நோயாளர் ஆகியோரின் இல்லங்களுக்கு முதலிற் செல்லுதல் வேண்டும். "நலமா?" என வினவின் "நலமே" என்றுதான் விடை வரும். இடையில் மூச்சு வாங்காமல் பேச இயலுகிறதா, இரவில் படுத்துறங்க முடிந்ததா என்று கேட்டறிதலே பயன் தரும். துன்பம் சில நாள் கழித்தும் தோன்றுமாகையால் மறுமுறையும் செல்க. ஈரத்துணி 2.5 மைக்ரானுக்குட்பட்ட துகள்களை நன்கு தடுப்பதில்லை என்பதையும் எடுத்துரைக்கலாம். பசுந்தழைகளால் தீயை அடித்தணைத்த ஊரார், மிகுந்த புகையைச் சுவாசித்தவராயினும், இப்பட்டியலில் பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றனர்.